வார்ப் பத்தும் மூன்று குட்டிகளும்: கோத்தகிரி வகுப்பறையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கடந்த நவம்பரில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், கோத்தகிரியை அடுத்த எங்கள் பள்ளியின் அறிவியல் மன்றத்தில் 17 மாணவர்களுக்கு ‘ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்’ என்ற அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதியைத் திரையிட்டேன். இரண்டாம் பருவத்தின் 15-ஆம் பகுதியான அதன் பெயர் ‘த்ரெஷோல்ட்’. நிலைப்படி என்று பொருள். அமெரிக்காவில் 1996 ஜனவரி 29 அன்று ஒளிபரப்பானது. அத்தொடரின் மிக மோசமான பகுதிகளுள் ஒன்று என்று ரசிகர்கள் இன்றளவும் சொல்லிவரும் அதனை நான் தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தேன். பத்தாம் வகுப்புக்குப் பரிணாமப் பாடம் நடத்தி முடித்திருந்த நேரம் அது. பிழை மலிந்த கதை ஒன்றைக் காட்டினால், அதிலுள்ள பிழைகளை மாணவர்களே எடுத்துச் சொல்வார்கள், பாடம் மனத்தில் பதியும் என்று எண்ணினேன். அப்படி நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதை, கதையின் பக்கமிருந்தும் என் பக்கமிருந்தும் ஆராய்ந்து இங்கே பதிவு செய்கிறேன்.

படம் தொடங்குமுன் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, இன்னும் பத்து லட்சம் ஆண்டுகள் கழித்து மனிதர் எப்படி இருப்பார் என்று வரையச் சொல்லியிருந்தேன். ஏறக்குறைய எல்லாத் தாளிலும் ஒரே உருவம்தான்: பெருத்த தலை, சிறுத்த உடல், குச்சிக் கைகால். படம் முடிந்ததும் அதே கேள்வியை மறுபடியும் கொடுத்தேன். பாதிக்கு மேற்பட்ட தாள்களில் பல்லிபோன்ற, வழவழப்பான, நாலுகால் உயிரினம் ஒன்று வந்து அமர்ந்திருந்தது. ஒரு மாணவர் குரங்கு, மனிதர், பல்லி என்று மூன்று படங்களை வரிசையாக வரைந்து இடையே அம்புக்குறியிட்டு, மூன்றாவதன் கீழே ‘அடுத்த நிலை’ என்று அழகிய கையெழுத்தில் எழுதியிருந்தார். நான் களைய நினைத்த தவறான எண்ணம் களையப்படவில்லை. அதன் கடைசிப் படம் மட்டும் மாறியிருந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாயேஜர் என்னும் விண்கப்பல் பூமியிலிருந்து 70,000 ஒளியாண்டு தொலைவுக்குத் தூக்கியெறியப்பட்டு, வீடு திரும்ப 75 ஆண்டுகள் ஆகும் என்ற நிலையில் பயணம் செய்துகொண்டிருக்கிறது. இத்தொடரின் உலகில் கப்பல்களின் வேகம் ‘வார்ப்’ என்ற அளவால் குறிக்கப்படும். 1987-இல் தொடங்கிய முந்தைய தொடருக்காகத் திருத்தியமைக்கப்பட்ட அளவுகோலின்படி வார்ப் 9 என்பது ஒளியைப்போல் சுமார் 1,500 மடங்கு. வார்ப் 10 என்பதோ முடிவிலி, யாராலும் எட்ட முடியாத எல்லை. டாம் பாரிஸ் என்னும் இளம் விமானி, தோழர்கள் இருவருடன் சேர்ந்து, அந்த எல்லையை உடைக்கும் சிறு கலம் ஒன்றை உருவாக்குகிறார். மருத்துவப் பரிசோதனையில் அவர் மூளைக்குச் சிறிய ஆபத்து இருப்பதாகத் தெரியவருகிறது. கேப்டன் ஜேன்வே வேறொருவரை அனுப்ப நினைக்கிறார். வாழ்க்கையில் ஒன்றையும் உருப்படியாகச் செய்யாதவன் என்ற பெயரை மாற்ற இந்த ஒரு வாய்ப்புதான் தமக்கு உண்டு என்று பாரிஸ் மன்றாட, கேப்டன் இசைகிறார். பாரிஸ் பறக்கிறார். பிரபஞ்சத்தின் எல்லாப் புள்ளிகளிலும் ஒரே கணத்தில் இருந்துவிட்டுத் திரும்புகிறார்.

இதுவரையிலான பகுதி நன்றாக இருக்கிறது என்பதைத் தயக்கமின்றிச் சொல்வேன். மாணவர்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே தூறல், சன்னலை ஒட்டி மூடுபனி, மின்சாரம் போய்விடுமோ என்று எனக்குள் கவலை. பிள்ளைகளின் கண்ணோ திரையைவிட்டு நகரவில்லை. இடையில் படத்தை நிறுத்தி, 70,000-ஐ 75-ஆல் வகுத்துப் பார்க்கச் சொன்னேன். 933 என்று விடை வந்தது. ஒளியைப்போல் 933 மடங்கு சராசரி வேகத்தில் போனாலும் ஒரு மனித ஆயுள் தீர்ந்துவிடும் தொலைவு அது என்று புரிந்தபோது, வார்ப் 10 என்பதன் கனம் அவர்களுக்கு விளங்கியது. ஊட்டி முத்தோரையில், மலைச்சரிவோடு சாய்த்து 1970-இல் நிறுவப்பட்ட 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை இம்மாணவர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்த இடத்தின் அட்சரேகை சுமார் 11 பாகை. சரிவும் அதே அளவு இருக்கும் மலையாகத் தேடிப் பிடித்ததால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது என்று அங்கே கேட்டது அவர்கள் நினைவில் இருந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஒளிவேகத்தில் பயணம் செய்து வந்த அலைகளை அங்கே காத்திருந்து பிடிக்கிறார்கள். இந்தப் பாரிஸோ காத்திருக்காமல் எல்லா இடத்தையும் போய்ப் பார்த்துவிட்டார். பார்த்தவர் என்ன சொல்லப்போகிறார்? இந்தக் கேள்வியோடு வகுப்பே முன்னால் சாய்ந்து உட்கார்ந்தது.

கதை அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிடுகிறது. எல்லாவற்றையும் பார்த்தேன், ஆனால் நினைவு மங்குகிறது என்ற அளவில் பாரிஸ் பேசி முடிக்கிறார். அடுத்த காட்சியில் காபி குடித்துவிட்டுச் சுருண்டு விழுகிறார். தண்ணீரே அவர் உடலுக்கு ஒவ்வாமல் போகிறது, காற்றிலுள்ள ஆக்சிஜனை நுரையீரல் ஏற்க மறுக்கிறது, இறக்கிறார், இரண்டு இதயங்களோடு மீண்டும் உயிர்க்கிறார், முடி கொத்தாக உதிர்கிறது, நாக்கு கழன்று விழுகிறது. கப்பலின் மருத்துவர் இதற்கு விளக்கம் தருகிறார்: மனித இனம் இயற்கையாகவே பல லட்சம் ஆண்டுகளில் அடையவிருந்த பரிணாம மாற்றங்கள் இந்த ஒரே உடலில் விரைந்து நடக்கின்றன. முழுதும் மாறிய பாரிஸ் கேப்டனைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் வார்ப் 10-இல் பறந்துவிடுகிறார். மூன்று நாள் கழித்து ஒரு சதுப்பு நிலக் கிரகத்தில், சாலமண்டர் என்னும் பல்லி வடிவ இருவாழ்வியைப் போன்ற இரண்டு பிராணிகளாக இருவரும் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். பக்கத்தில் மூன்று குட்டிகள். பெரியவர்கள் இருவரையும் கப்பலுக்குக் கொண்டுவந்து மருத்துவர் மனிதராக்கிவிடுகிறார். குட்டிகள் சேற்றிலேயே விடப்படுகின்றன.

நடிப்பிலோ ஒப்பனையிலோ குறை சொல்ல இயலாது. பாரிஸாக நடித்த ராபர்ட் டங்கன் மெக்நீல் மருத்துவப் படுக்கையில் துடிக்கும் காட்சிகளில் முழுமூச்சாக நடித்திருக்கிறார். தொடர்களுக்கான சிறந்த ஒப்பனை என்ற பிரிவில் இப்பகுதி 1996-ஆம் ஆண்டு எம்மி விருதையும் பெற்றது. அத்தனை கைகளின் உழைப்பும் இந்தக் கதைக்குப் போய்ச் சேர்ந்ததே என்பதுதான் எனக்கு வருத்தம்.

அறிவியல் பிழை என்று பார்த்தால் மூன்று உண்டு. மூன்றும் மருத்துவரின் அந்த ஒரே விளக்கத்துக்குள் அடங்கிவிடுகின்றன. பரிணாமம் தனி ஓர் உடலில் நடப்பதில்லை; தலைமுறை தலைமுறையாக ஒரு கூட்டத்தில் நடப்பது. எதிர்காலத்தில் இன்னதாகத்தான் ஆவோம் என்ற திட்டம் எந்த உயிரின் மரபணுவிலும் முன்கூட்டி எழுதப்பட்டிருக்கவில்லை. சூழல் எப்படியோ அப்படித்தான் தேர்வு நடக்கும். மூன்றாவது, இவ்வளவு மாறிய ஓர் உடலை ஒரு சிகிச்சையில் பழையபடி திருப்பிவிடலாம் என்பது. இம்மூன்றையும் மாணவர்கள் பிடித்துவிடுவார்கள் என்று நம்பினேன். அவர்கள் பிடித்தது வேறு.

முதலில் எழுந்தவர் கணக்குப் போட்ட மாணவர். “சார், டாக்டர்தான் ரெண்டு பேரையும் சரி பண்ணிட்டாரே. அப்போ எல்லாரும் வார்ப் பத்துல ஊருக்குப் போயிட்டு, அங்க போய் மருந்து எடுத்துக்கலாமில்ல?” என்றார். பதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 75 ஆண்டுப் பயணத்தை ஒரு கணமாக்கும் வழியும் அதன் பக்கவிளைவைத் தீர்க்கும் மருந்தும் ஒரே பகுதியில் கிடைத்துவிட்டன. இருந்தும் 2001 வரை ஏழு பருவங்கள் நீண்ட அத்தொடர் அந்த வழியைப் பின்னர் எடுத்துப் பயன்படுத்தவே இல்லை. வீடு திரும்பும் ஏக்கமே அத்தொடரின் உயிர்நாடி. அந்த ஏக்கத்தை நம்பிப் பார்த்த ஒருவருக்கு இது சிறிய ஓட்டை ஆகாது.

அடுத்து எழுந்த மாணவி கேட்டது ஒரே வரிதான். “அந்த மூணு குட்டிங்க என்ன சார் ஆச்சு?” வகுப்பு சற்று நேரம் பேசவில்லை. அவை கேப்டனின் பிள்ளைகள். தம் குழுவினர் ஒருவரையும் கைவிடமாட்டேன் என்று தொடர் முழுக்க நிற்கும் ஜேன்வே, தாம் ஈன்றவற்றைப் பற்றி இறுதிக் காட்சியில் ஓரிரு இலகுவான வார்த்தைகளோடு நகர்ந்துவிடுகிறார். மருத்துவரின் விளக்கத்தை நம்பினால் அவை மனித இனத்தின் எதிர்காலம். நம்பாவிட்டால் வேற்றுக் கிரகத்துக் குளத்தில் விடப்பட்ட அயல் உயிர்கள். யூகலிப்டஸ், வாட்டில் மரங்கள் வெளியிலிருந்து வந்து சோலைகளையும் புல்வெளிகளையும் என்ன செய்தன என்பதைத் தினமும் பார்த்து வளரும் நீலகிரிப் பிள்ளைகளுக்கு அயல் உயிர் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டில் எப்படிப் பார்த்தாலும் விட்டுவிட்டு வர முடியாத ஒன்றை அக்கதை விட்டுவிட்டு வந்தது. மாணவர்களின் ஏமாற்றம் முழுவதும் இந்த இடத்தில்தான் குவிந்தது. இயற்பியல் தவறு, உயிரியல் தவறு என்று நான் பட்டியல் வைத்திருந்தேன். அவர்களோ கதைக்குத் தன்மேலேயே அக்கறை இல்லை என்பதைக் கண்டுகொண்டார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு, திரைக்கதை எழுதிய பிரானன் பிராகா பிற்காலத்தில் தாமே தந்த விளக்கம் ஒன்று இருக்கிறது. பரிணாமம் என்றாலே பெரிய மூளை, மேலான அறிவு என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அது எளிய உருவத்தை நோக்கியும் போகலாம் என்று சொல்லவே இக்கதையை எழுதத் தொடங்கியதாகவும், அந்தக் கருத்து திரைக்கதையின் பயணத்தில் கரைந்துபோய், சேற்றில் ஊரும் பிராணிகள் மட்டுமே மிஞ்சியதாகவும் அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். இதைப் படித்தபோது என் மதிப்பீடு மாறியது. அறிவியல் தெரியாமல் எழுதப்பட்ட கதை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆனால் தொடக்கத்தில் அவர் கையில் இருந்தது சரியான அறிவியலின் ஒரு பாதி: பரிணாமத்துக்கு மேலே என்றொரு திசை கிடையாது. ஒரு பருவத்துக்கு 26 பகுதிகள், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் என்று ஓடிய காலத்துத் தொலைக்காட்சியில், கதையைத் தாங்கி நின்ற அந்த ஒரு வசனம் விழுந்தாலும் படப்பிடிப்பு நிற்காது. வசனம் விழுந்தது. பரிணாமம் படிப்படியாக மேலே ஏறுவது என்ற பழைய ஏணியே பார்த்தவர்களுக்கு மிஞ்சியது. அதன் உச்சிப் படியில் மனிதருக்குப் பதில் சாலமண்டர்.

அந்த வசனம் என் வகுப்பிலும் விடுபட்டுப்போனது என்பதை மறுவாரம்தான் உணர்ந்தேன். படம் ஆங்கிலத்தில் ஓடியதால் முக்கியமான இடங்களில் நிறுத்தி நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மருத்துவர் பேசும் இடத்தில் நான் பயன்படுத்திய சொல் ‘பரிணாம வளர்ச்சி’. பாடம் நடத்தும்போதும் அதுவே என் வாயில் வரும். தாள்களைத் திருப்பிக் கொடுத்து, பல்லி எப்படி அடுத்த நிலை ஆகும் என்று கேட்டபோது, அம்புக்குறி போட்ட மாணவர் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் சொன்னார்: “வளர்ச்சின்னு நீங்கதானே சார் சொன்னீங்க. வளர்ந்தா அடுத்த நிலைக்குத்தானே போகும்?”

வளர்ச்சி என்ற சொல் செடிக்குப் பொருந்தும், பிள்ளைக்குப் பொருந்தும். விதைக்குள் இருப்பது விரிந்து மரமாவது வளர்ச்சி. அந்தச் சொல்லைப் பரிணாமத்தோடு ஒட்டிவிட்டால், உயிரினத்துக்குள்ளும் ஏதோ ஒன்று முன்கூட்டியே பொதிந்திருந்து விரிகிறது என்ற எண்ணம் கேட்பவருக்குத் தானாக வந்துவிடும். பாரிஸின் உடலில் நடப்பதாக மருத்துவர் சொல்வதும் அதுதான். அதாவது, அந்தக் கதையின் பிழையை நான் இரண்டு ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிவந்திருக்கிறேன்.

அன்று ஒரு மாணவி, தம் தாத்தா இதை வேறு பெயரால் சொல்வார் என்றார். 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து இம்மலையின் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பங்களுள் ஒன்று அவருடையது. அங்கே பள்ளியில் படித்தவர் தாத்தா. “கூர்ப்புன்னு சொல்வாங்க சார்.” இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களின் சொல் அது என்று எனக்குத் தெரியும், வகுப்பில் பயன்படுத்தத் தோன்றியதில்லை. தொல்காப்பியத்தின் உரியியலில் கூர்ப்பு என்பதற்கு உள்ளது சிறத்தல் என்றே பொருள். அதுவும் ஒரு திசையைக் காட்டுகிறது என்று வாதிடலாம். ஆயினும் இருப்பதுதான் கூர்மைப்படுகிறது, சூழலில் தேய்த்துத் தேய்த்துக் கூர்மைப்படுகிறது என்று மாணவர்கள் அதை விளங்கிக்கொண்டார்கள். நானும் தடுக்கவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை அவர்களை லாங்வுட் சோலைக்கு அழைத்துப் போனேன். கோத்தகிரியை ஒட்டிய, நூறு ஹெக்டேருக்குச் சற்றே மிகுந்த இந்தக் காடு, சுற்றியுள்ள ஊர்களுக்குத் தண்ணீர் தருவது. நீலகிரிச் சிரிப்பான் குருவியின் குரலை அங்கே தேட வேண்டியதில்லை, அதுவே வந்து காதில் விழும். கூட்டமாக அவை சிரித்துக்கொண்டிருக்கும்போது, இதே குருவியின் உறவு பழனி மலையில் இருக்கிறது, ஆனால் அது வேறு இனம் என்று சொன்னேன். கொடைக்கானல் சோலையில் இருப்பது பழனிச் சிரிப்பான். இரு மலைகளுக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய். 30, 40 கிலோமீட்டர் அகலமுள்ள தாழ்ந்த, வெப்பமான வெளி. குளிர்ந்த சோலைக்குப் பழகிய சிறு பறவைக்கு அது கடலைப்போல. தீவுகளில் அகப்பட்டவைபோல் இரு கூட்டங்களும் பல லட்சம் ஆண்டுகள் தனித்தனியே வாழ்ந்து வேறுவேறாயின. மரபணு ஆய்வின் அடிப்படையில் இந்தச் சோலைச் சிரிப்பான்களுக்கு 2017-இல் தனிப் பேரினமே வகுக்கப்பட்டது. இவற்றில் எது முன்னேறியது, எது பின்தங்கியது என்று கேட்டேன். கேள்வியே தவறு என்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

திரும்பும் வழியில், தேயிலைத் தோட்டத்து ஓரம் மண்வெட்டியில் தப்பித்த கேடயவால் பாம்பு ஒன்றைத் தொழிலாளர் ஒருவர் காட்டினார். நீலகிரியில் மழைக்காலத்தில் மண் கொத்துபவர்களுக்கு நன்கு பழக்கமான, மண்புழு தின்று வாழும், நஞ்சில்லாத சிறு பாம்பு. தலை எது, வால் எது என்று முதலில் குழப்பம் வரும். மொட்டையாக இருப்பது வால், கூராக இருப்பது தலை. கண் கடுகளவு. எவருடைய கையிலும் கொடுக்காமல், தரையிலேயே வைத்துக் குனிந்து பார்க்கச் சொன்னேன். ஈரமண்ணில் மூக்கை வைத்து அது நுழைந்த விதம், ஊசி துணிக்குள் போவதுபோல் இருந்தது. பாம்பின் முன்னோர்களுக்குக் கால் இருந்தது. இதற்குக் காலும் இல்லை, பார்வையும் மங்கல். இழந்ததால் இது கீழே இறங்கிவிட்டதா என்று நான் கேட்கவில்லை. அம்புக்குறி போட்ட மாணவர் தாமாகவே, “மண்ணுக்குள்ள கண்ணு பெருசா இருந்தா மண்ணுதான் விழும்” என்றார். பிராகா சொல்ல நினைத்துச் சொல்லாமல்போன வசனம் இதுதான் என்று அவரிடம் சொன்னேன்.

இன்னொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். சாலமண்டரைப் பார்க்கலாமா என்று சிலர் ஆவலாகக் கேட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் சாலமண்டர் கிடையாது. இந்தியாவில் அதைப் பார்க்க வேண்டுமானால் இன்னொரு தேயிலை மலையான டார்ஜிலிங் பக்கமோ அதற்கும் கிழக்கேயோ போக வேண்டும். நம் சோலைகளில் இருப்பவை தவளைகளும், காலில்லாத, மண்ணில் வாழும் சில இருவாழ்விகளும். புதர்த்தவளைகளில் பல, தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல் முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளையாக வெளிவருகின்றன. நீர்நிலை இல்லாத இடத்திலும் அவற்றால் முட்டையிட முடிகிறது.

வேறு ஆசிரியர் எவரேனும் இப்பகுதியை வகுப்பில் காட்ட நினைத்தால், காட்ட வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பாரிஸ் பறந்து திரும்பும் இடத்தில் நிறுத்திவிட்டு, மீதியை மாணவர்களையே எழுதச் சொல்லிவிட்டு, அதன் பிறகே முடிவைக் காட்டலாம். நான் அதைத் தலைகீழாகச் செய்தேன்: முடிவைக் காட்டிவிட்டு, டிசம்பரில் மாற்று முடிவு எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் வாயேஜரை அந்தக் கணமே பூமிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். குட்டிகளைப் பற்றிக் கேட்ட மாணவி மட்டும் கப்பலைச் சதுப்பு நிலத்திலேயே நிறுத்தினார். கேப்டன் குணமடைந்தபின் மறுபடியும் கீழே இறங்கிவந்து கரையில் உட்கார்ந்திருக்கிறார். அவற்றைத் தூக்கிப்போனால் கப்பலின் வறண்ட காற்றில் செத்துவிடும், விட்டுப்போனால் யாரும் இல்லை. மூன்று பக்கம் எழுதியும் அவர் கேப்டனை எழுப்பவில்லை. மதிப்பெண் போடுமுன் இதற்கு முடிவு எங்கே என்று கேட்டேன். “இன்னும் யோசிச்சிட்டிருக்காங்க சார்” என்று சொல்லித் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.